நூர்தீனின் சாம்பல் பசை

பக்கத்து அறையிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம். சரக், சரக். தோல் வாரில் இரும்பு உரசுகிற சத்தம். தேங்காய் திருவிக்கொண்டிருந்த ஸபீனா கையை நிறுத்திக் காதைக் கொடுத்தாள். நிற்பதாக இல்லை.

"இஞ்சருங்க, நாளைக்குப் புள்ளைக்கு முடி இறக்குறது. அதுக்குள்ள கத்தி தேஞ்சி போகும்."

"தேயாது. நீ ஒண்ட வேலையப் பாரு," என்றார் உள்ளேயிருந்து நூர்தீன்.

ஸபீனாவின் வேலையே அவரைப் பார்ப்பதுதான். கல்யாணம் செய்த நாளிலிருந்து அதைத்தான் செய்து வருகிறாள். ஒரு வருடம் வீட்டிலேயே சவர்க்காரம் காய்ச்சினார். துவைத்த உடுப்பெல்லாம் மீன் வாடை அடித்தது. இன்னொரு வருடம் வள்ளத்து மோட்டர் ஒன்றைக் கழற்றித் தண்ணீர் இறைக்கப் பார்த்தார்; கிணற்றுக்குள் எண்ணெய் மிதந்தது. இப்போது இந்தக் கத்தி.

கண்டக்குழியில் அவர் தோட்டம் பார்க்கும் விடுதியில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன சவரக்கத்தி அது. கடல் காற்றில் கிடந்து துருவேறியிருந்தது. மகள் றிஷ்னா பிள்ளைப்பேற்றுக்கு மாம்புரிக்கு வந்த அன்றே அவர் அதைக் கையில் எடுத்துவிட்டார். உமிச்சாம்பலைத் துணியில் சலித்து, வாளித் தண்ணீரில் கலக்கி, கல்லும் கரியும் அடியில் தங்கியதும் மேலே நின்ற கலங்கலை மட்டும் வடித்தார். வடித்தது ஸபீனா விருந்துக்கு மட்டும் எடுக்கும் பெரிய சகன் தட்டில். அடியில் படிந்த பொடியை வெயிலில் வைத்து, உருக்கிய மெழுகுதிரியும் தேங்காயெண்ணெயும் சேர்த்து, தோல் வாரில் தடவிக் கத்தி தீட்டும் பசையாகக் குழைத்து, ஒரு தைல டப்பாவில் அடைத்தார். பிள்ளை பார்க்க வந்த பெண்கள் பிள்ளையை விட்டுவிட்டு, சகனில் கிடந்த கறுப்புச் சேறு என்ன கறி என்று கேட்டுப் போனார்கள்.

"கடையில புது பிளேட் இரிக்கி. முடி இறக்குற ஒஸ்தாவும் கொண்டு வருவாரு. பெறகு என்னத்துக்கு இந்தப் பாடு?"

சத்தம் நின்றது. நூர்தீன் வாசலுக்கு வந்தார்.

"அண்டைக்கும் புதுசெண்டுதான் தந்தாங்க ஸபீனா."

மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின் முகாமில், ஓலைக் கொட்டிலில்தான் றிஷ்னா பிறந்தாள். ஏழாம் நாள் ஒஸ்தா கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் தந்த பிளேட்டை வாங்கி நூர்தீனே முடி இறக்கினார். அது கூர் மழுங்கிய பிளேட். குழந்தையின் காதுக்குப் பின்னால் வழிந்த இரத்தத்தைத் தன் சட்டையால் ஒற்றி ஒற்றி, கொட்டில் வாசலில் அவர் குந்தியிருந்த இருப்பை ஸபீனா மறக்கவில்லை. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. றிஷ்னா அதன் மேல் முடியை இழுத்துவிட்டுத்தான் சீவுவாள். தகப்பனிடம் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அதுதான் அவரை அரித்தது. பேரனின் தலையில் தன் கையால் தீட்டிய கத்தி மட்டுமே படவேண்டும் என்று அவர் பிடித்த பிடிக்கு அதுதான் காரணம்.

அதற்காகச் சகனைக் கெடுக்க வேண்டுமா என்று ஸபீனாவுக்கு அப்போதும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அன்று மாலை கத்தி கண்ணாடிபோல் மின்னியது. காற்றுப் படக்கூடாது என்று அதன்மேல் பசையைத் தடிப்பாகப் பூசி, சீலைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தார்.

காலையில் ஒஸ்தா ஃபாஹிம் வந்தார். அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் முதல் முடி இறக்குபவர் அவர்தான். நூர்தீன் துணியை அவிழ்த்தார். பசையைத் துடைத்தார். கூராக இருந்த விளிம்பு முழுக்கச் செம்புள்ளிகள், அம்மைபோட்ட முகம் போல.

ஸபீனாதான் கேட்டாள். "சாம்பல எந்தத் தண்ணியில கலக்கின நீங்க?"

"கிணத்துத் தண்ணியில."

"அந்தத் தண்ணியில தேத்தண்ணி போட்டா குடிப்பீங்களா?"

"மாட்டேன். உப்பு."

சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒஸ்தா சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"காக்கா, இது சும்மாவே துருப் புடிக்கிற ஊரு. நீங்க உப்பும் போட்டு ஊற வெச்சிரிக்கீங்க. கருவாட்டுக்குத்தான் இப்பிடிச் செய்வாங்க."

நூர்தீன் சிரிக்கவில்லை. "நீங்களே இறக்குங்க ஒஸ்தா. நான் வெளிய நிக்கிறன்," என்று எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை ஸபீனா பார்த்துவிட்டாள்.

பிள்ளையை மடியில் வைத்திருந்த றிஷ்னா அசையவில்லை. "வாப்பா, எங்க போறீங்க? தலைய யாரு புடிக்கிற?"

"நான் புடிச்சாச் சரி வராது மகள்."

"எண்ட தலையில கீறின கைதானே. அதுக்குத்தான் பயம் தெரியும். வந்து புடிங்க."

அத்தனை வருடம் பேசாத பேச்சு அது. நூர்தீன் தரையில் முழங்காலிட்டு, பேரனின் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். ஒஸ்தா புது பிளேட்டின் உறையை அவர் கண்முன்னே பிரித்தார். ஈரமான மெல்லிய முடி சகனில் விழுந்தது. கடைசி வரை பிள்ளை அழவில்லை. அழுதது பாட்டனார்தான். ஒரு கீறல்கூட இல்லை என்று ஸபீனா தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

சாப்பாடு முடிந்து புறப்படும்போது ஒஸ்தா மெதுவாகக் கேட்டார். "ராத்தா, அந்தப் பசைய என்ன செய்யப் போறீங்க? பித்தள விளக்கு துலக்க ஆகும்."

ஸபீனா ஓடிப்போய் டப்பாவைக் கொண்டுவந்து அவர் பையில் திணித்தாள். தோல் வாரையும் சேர்த்துத் திணித்தாள். "கெதியாப் போங்க ஒஸ்தா."

ஒஸ்தா படியிறங்கினார்.

"ஒஸ்தா, கொஞ்சம் நில்லுங்க," என்று உள்ளேயிருந்து நூர்தீனின் குரல் வந்தது. "போத்தல் தண்ணியில சாம்பலக் கரைச்சா..."

ஸபீனா கதவைச் சாத்தினாள்.