"சரிங்க" என்று சொன்னாலும் செல்லாது

லிப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். பதினெட்டு மாடிக் கட்டடத்தின் லிப்ட் குழிக்குள் சீட்டியடித்தபடி இறங்குவார். எதிரே நிற்கும் மனிதரிடம் "முடியாது" என்று சொல்ல மட்டும் அவருக்கு நாக்கு எழாது. வீட்டுக்காரர் படிக்கட்டில் வழிமறித்து, "அடுத்த மாசத்துல இருந்து வாடகை ஒண்ணரை மடங்கு, என்ன?" என்று கேட்டபோதும், "சரிங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தார்.

"சரின்னு சொல்லிட்டீங்களா!" மனைவி கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவளுக்குச் சலவைக் கடையில் வேலை. வீட்டிலும் ஊரார் சட்டைதான்.

"வாய் தவறி வந்துடுச்சு."

"உங்க வாய்க்கு வேற எந்த வார்த்தைதான் தெரியும்?"

இரண்டு வாரம் வீடு தேடினார்கள். ஒரு வீட்டில் குளியலறைக் கதவைத் திறந்தால் அடுப்பில் இடித்தது. இன்னொன்று ஒன்பதாவது மாடி. அங்கே லிப்ட் ஓடாது. 'ஆபத்து' என்று எழுதி ஒட்டிப் பூட்டியவரே இவர்தான். பள்ளிக்கூடம் மாற வேண்டுமே என்று மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அப்போதுதான் நகராட்சிக் கட்டடத்திலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு மாடிக்கு நடுவே லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் தனியாக மாட்டிக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிஷம்மா, பயப்படாதீங்க. எங்க வேலை பாக்கறீங்க?"

"வாடகைப் பிரிவுல," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல். "ஏதாவது பேசிக்கிட்டே இருங்க சார். படபடன்னு வருது."

வேறு என்ன பேசுவார்? மனசில் கிடந்ததையே கொட்டினார்.

கேட்கக் கேட்க அந்தக் குரலில் படபடப்பு போய் அதிகாரம் வந்தது. "கடைசியா எப்ப ஏத்தினார்?"

"எட்டு மாசம் ஆச்சு."

"வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஏத்தலாம். அதுவும் நகராட்சி சொல்ற அளவுக்குள்ள. இந்த வருஷம் நூத்துக்கு மூணு. மூணு மாசம் முன்னாடியே எழுத்துல தரணும். தந்தாரா?"

"வாயாலதான் சொன்னார். ஆனா நான் சரின்னு சொல்லிட்டேனே மேடம்."

"நீங்க நூறு தடவை சரின்னு சொன்னாலும் செல்லாது. உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் சட்டமே!"

கையில் பிடித்த ஸ்பானரோடு அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், என்னை மறந்துட்டீங்களா?" என்று உள்ளிருந்து கேட்ட பிறகுதான் எழுந்தார்.

வெளியே வந்த அந்த அம்மாள், விதிகள் அச்சடித்த தாளில் வேண்டிய இடங்களில் கோடு போட்டுக் கொடுத்தார். அன்று மாலையே லிப்ட்காரர் போய் வீட்டுக்காரரின் கதவைத் தட்டினார். தாளை நீட்டினார், அவ்வளவுதான். வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். முகம் சுருங்கியது.

"பக்கத்துக் கட்டடத்துல ஏத்திட்டாங்கன்னுதான் நானும் கேட்டேன். இப்படி ஒண்ணு இருக்கறது எனக்குத் தெரியாதுப்பா," என்றார். "வருஷம் முடியட்டும். முறைப்படி எழுதித் தரேன்."

மேலே வந்து சொன்னதும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். மகள் தோழிக்குப் போன் போட ஓடினாள். அவர் கை கழுவிவிட்டு உட்கார்ந்து, தட்டை விட்டு நிமிராமல் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார்.

"மெதுவா," என்று சிரித்துக்கொண்டே மனைவி இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.