ஆரோக்கியம் அக்காவின் எழுபத்தோரு விநாடி

இன்று காலை கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தபோது வேரில் ஒட்டியிருந்த ஈரமண் சமையல் மேடை முழுக்கக் கொட்டியது. துடைக்க வேண்டியதை விட்டுவிட்டு ஒரு பிடியை எடுத்து முகர்ந்துகொண்டு நின்றேன். மற்றவர்களுக்கு அந்த வாசனையில் சட்னியோ ரசமோ ஞாபகம் வரும். எனக்கு வருவது ஒரு ஸ்டாப்வாட்ச். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

பொறியியல் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறை அது. ஓசூரில் ஒரு பெரிய கம்பெனியில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. கார்களுக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கொடுக்கிற கம்பெனி. எங்கள் கல்லூரியிலிருந்து போனவள் நான் ஒருத்திதான். ப்ராஜெக்ட் நன்றாக வந்தால் கடைசி ஆண்டில் வேலைக்கு அழைப்போம் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். அப்பா அந்தக் கடிதத்தைத் தக்காளி மண்டி வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். "எம்பொண்ணு கம்பெனில சேந்துட்டா" என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. இன்டர்ன்ஷிப் வேறு, வேலை வேறு என்று விளக்கப் போனால், ரெண்டும் ஒன்றுதான் போ என்றார். மண்டியில் அத்தனை பேர் முன்னால் சொன்ன பிறகு அந்த வேலையை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நானும் முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டில் பிடிவாதம் பரம்பரைச் சொத்து. மற்ற சொத்தெல்லாம் ஒரு ஏக்கர் தக்காளித் தோட்டம்தான்.

மாரண்டஹள்ளியில் காலை ஆறு மணிக்கு ஓசூர் பஸ். அதில் மனிதர்களுக்கு முன்னால் காய்கறி ஏறிவிடும். மூட்டைகள் கூரை மேல் போகும்; கசங்கிவிடும் என்று கொத்தமல்லியை மட்டும் உள்ளே, நடுவழியில் அடுக்குவார்கள். தண்ணீர் தெளித்த கட்டுகள். அவற்றுக்கு நடுவே, இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டோடு, சித்தி மகளிடம் கடன் வாங்கிய பூட்ஸின் முனையில் காகிதம் திணித்துக்கொண்டு நான் நிற்பேன். ராயக்கோட்டை தாண்டுவதற்குள் கோட்டும் நானும் மல்லியாகிவிடுவோம். என்னோடு இருந்த மற்ற இரண்டு இன்டர்ன்களும் சென்னைப் பிள்ளைகள். முதல் வாரமே எனக்கு 'மல்லி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோபம் வந்தது. ஆனால் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

எனக்குக் கொடுத்த வேலை, புதிதாகத் தொடங்கிய ஒரு லைனில் நேரம் எடுப்பது. சாய்வான பலகையில் ஒயர்களை வரிசையாகப் படுக்க வைத்து, முனைகளைச் செருகி, டேப் சுற்றி எடுத்தால் ஒரு கட்டு முடியும். அதற்கு எத்தனை விநாடி ஆகிறதென்று ஸ்டாப்வாட்சை அழுத்தி எழுத வேண்டும். நான் எழுதுகிற எண்தான் லைன் தலைமாட்டில் மாட்டியிருக்கும் கரும்பலகையில் இலக்காக ஏறும். அன்றைக்கு அந்தப் பலகை காலியாக இருந்தது. எனக்குப் பொறுப்பாயிருந்த பொறியாளர் கேசவன் சார் வாட்சை என் கையில் வைத்து, "ஓரமா நின்னு எடுங்க, போதும்" என்றார். பரீட்சையைவிடச் சுலபம் என்று நினைத்தேன்.

லைனில் இருந்த பெண்களுக்கு ஸ்டாப்வாட்ச் புதிதல்ல. அதைக் கண்டதும் ஒருத்திக்குத் தாகம் எடுக்கும், ஒருத்திக்கு டேப் கைதவறும். ஒரு கட்டுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் போனது. நானும் சளைக்கவில்லை. தூணுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன், கோட்டைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நான் வருவதற்கு முன்னாலேயே என் வாசனை போய்ச் சேர்ந்துவிடுகிறதே! "மல்லி வருது" என்று முதல் பலகையிலிருந்து கடைசிப் பலகைக்குச் செய்தி போய்விடும். பத்து நாள் எடுத்த கணக்கைப் பார்த்த கேசவன் சார், இதை யாரிடம் காட்டினாலும் சிரிப்பார்கள் என்று சொல்லிவிட்டார்.

அன்று, சனிக்கிழமை மாலை, திரும்பும் பஸ்ஸில் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஆரோக்கியம் அக்கா. அந்த லைனில் மூன்றாவது பலகை அவருடையது. எங்கள் ஊருக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்குவார். கைப்பையில் ஜெபமாலையும் வறுத்த கடலையும் எப்போதும் இருக்கும். கடலையை என் கையில் கொட்டிவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன்.

"திங்கக்கெழம எம்பலகைக்கு வந்து நில்லு புள்ள" என்றார். "நான் பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை போய் நின்றேன். அக்கா தலை நிமிரவே இல்லை. விரல்கள் ஒயருக்கு ஒயர் தாவின. தண்ணீர் கேட்கவில்லை, யாரோடும் பேசவில்லை. வரிசையாகப் பத்துக் கட்டு. சராசரி எழுபத்தோரு விநாடி. எழுதும்போது எனக்கே கை பரபரத்தது. கேசவன் சார் உடனே மேனேஜருக்குச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நானே பேசலாம் என்றார். வேலையே கிடைத்துவிட்ட மாதிரி அன்று கேன்டீனில் இரண்டு பாயசம் குடித்தேன்.

மாலை பஸ்ஸில் அக்கா ஆவலாகக் கேட்டார்: "எத்தன மார்க்கு போட்டாங்க புள்ள உனக்கு?"

எனக்குப் புரியவில்லை.

"சுருக்கா முடிச்சா உனக்கு மார்க்கு ஏறுமில்ல? அதுக்கோசரந்தான் மூச்சு வுடாம செஞ்சேன்" என்றார் அவர்.

கடலை எடுக்கப் பைக்குள் கையை விட்டவர் வெளியே எடுத்துப் பிசைந்துகொண்டார். கட்டைவிரல் ஓரம் தோல் கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. பத்துக் கட்டுக்கே இந்த நிலை. இதே எழுபத்தொன்று கரும்பலகையில் ஏறினால் எல்லோரும் நாள் முழுக்க, வருஷம் முழுக்க அப்படி ஓட வேண்டும். அந்த எண் யாருக்காக, எதற்காக என்று அக்காவிடம் சொன்னேன். "நீ காலேஜு புள்ள, இது என்னமோ உம்பரீச்சன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, கேசவன் சாரிடம் போய் அந்த எண் சரியில்லை, திரும்ப எடுக்கிறேன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. நீங்களே எடுத்த கணக்கைத் தப்பென்று நீங்களே சொன்னால் ப்ராஜெக்ட் என்ன ஆகும், வேலைக்கான பட்டியலில் உங்கள் பெயர் எப்படி வரும் என்று கேட்டார். அப்பா மண்டியில் நின்ற காட்சி கண் முன்னால் வந்தது. வராமல் இருக்குமா? ஆனாலும் அந்தப் பிளாஸ்டர் ஒட்டிய விரலை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

"திரும்ப எடுக்கறேங்க சார்" என்றேன்.

வெள்ளிக்கிழமை வரைதான் நேரம் என்றார்.

அன்று மதியம் கேன்டீனில் லைன் பெண்கள் சாப்பிடும் மேசைக்குத் தட்டோடு போனேன். வேகமாகவும் வேண்டாம், மெதுவாகவும் வேண்டாம், தினமும் செய்கிற மாதிரி செய்யுங்கள் என்று கேட்டேன். ஒருத்தி, நீ எங்கள் பக்கமா, கம்பெனி பக்கமா என்று கேட்டாள். ஆரோக்கியம் அக்கா சாம்பார் ஊற்றிக்கொண்டே, "அது நம்ம பஸ்ஸுல வர்ற புள்ளதான்" என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய் மதியத்திலிருந்து வியாழன் மாலை வரை, ஷிப்ட் தொடங்கும் மணியிலிருந்து முடியும் மணி வரை நின்றேன். எல்லாப் பலகையிலும் எடுத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு கை தளர்வதையும் எழுதினேன், ஒயர் தீர்ந்து எடுத்துவர நடப்பதையும் எழுதினேன். இடைவேளையில் நானே ஒரு கட்டைச் செய்து பார்த்தேன். ஒன்பது நிமிடம் ஆனது, இரண்டு முனை தப்பு. லைனே சிரித்தது. காகிதம் திணித்த பூட்ஸுக்குள் குதிகால் கொப்புளித்துவிட்டது. ஆனால் அந்த மூன்று நாளும் "மல்லி வருது" என்று யாரும் சொல்லவில்லை.

தொண்ணூற்றிரண்டு விநாடி என்று வந்தது.

கூட்டத்தில் மேனேஜர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுபத்தொன்றில் செய்ய முடிகிறவர்களுக்குத் தொண்ணூற்றிரண்டு எதற்கு என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"அது அந்த அக்கா எனக்காக ஒரு நாள் ஓடினதுங்க சார். தெனமும் ஓடற வேகம் இல்லீங்க."

மேனேஜர் என் தாள்களை மெதுவாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, தொண்ணூற்றிரண்டையே எழுதச் சொன்னார்.

சான்றிதழில் சென்னைப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் 'மிக நன்று'. எனக்கு 'திருப்தி'. கடைசி ஆண்டில் அழைப்பு வரவில்லை. அப்பா அந்த வருஷம் முழுக்க மண்டியில் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் விடவில்லை. பதினோரு கம்பெனி ஏறி இறங்கி, பன்னிரண்டாவதில் உள்ளே போனேன். இன்றைக்கும் அதே வேலைதான், நேரம் எடுப்பது.

போன மாதம் மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் ஆரோக்கியம் அக்காவைப் பார்த்தேன். அந்த லைன் இருந்தவரைக்கும் கரும்பலகையில் தொண்ணூற்றிரண்டை யாரும் அழிக்கவில்லையாம். பிறகு லைனையே வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அக்கா இப்போது ஊரிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். காய்கறியெல்லாம் மினி லாரியில் போகிறது. ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் இப்போது சென்ட் வாசனைதான் அடிக்கிறது.

என் வேலையில் நேரம் எடுப்பது என்று சொல்வதுகூட இப்போது பழைய பேச்சு; ஸ்டாப்வாட்சும் போய்விட்டது. லைனுக்கு மேலே கேமரா இருக்கிறது. அதுவே எண்ணி என் திரைக்கு அனுப்பிவிடுகிறது. எப்போதாவது ஒரு பலகையில் எண் திடீரென்று குறைந்தால் ஆபீஸில் மற்றவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். நான் எழுந்து கீழே போய், இன்றைக்கு யாருக்காக ஓடினீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டு வருகிறேன். கேட்காமல் அந்த எண்ணில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள், பார்க்கட்டும். கேமராவுக்கு மல்லி வாசனை கிடையாது. அது பார்க்கும்போது "மல்லி வருது" என்று யாரும் யாருக்கும் சொல்லி அனுப்ப முடியாது.