சத்தம் போடாத புல்வெட்டி

லெராய் ஹாஃப்மனுக்கு நெஞ்சைப் பிளந்து தைத்திருந்தார்கள். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எதிர்வீட்டு கீத் வந்து தன் புல்லை வெட்டிவிடுவானோ என்பதுதான் அவருடைய பயம். அமெரிக்காவின் இந்தியானாவில், எங்கள் தெருவில் ஒருவர் வீட்டுப் புல்லை இன்னொருவர் வெட்டினால், வீட்டுக்காரர் பாதி போய்விட்டார் என்று அர்த்தம்.

அவரைக் கவனித்துக்கொள்ளப் போனவள் நான். குளியல், மாத்திரை, ரத்த அழுத்தம். புல்வெட்டி என் வேலையில் சேராது. அந்த வீட்டில் வேறு பேச்சுதான் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, புல்வெட்டியை மெதுவாகத் தள்ளலாம், அதைக் கிளப்பும் கயிற்றை மட்டும் இழுக்கக் கூடாது என்றார் மருத்துவர்.

"பேட்டரி மெஷின் வாங்கு லெராய். பொத்தானை அமுக்கினா போதும்," என்றாள் அவர் மனைவி டோரீன்.

"பொத்தானை அமுக்கினா ஓடறது உன் தலை காயவைக்கிற மெஷின்."

"உன் பெட்ரோல் மெஷின் என்னத்தக் கிழிச்சுது? பனிக்காலம் பூரா பழைய பெட்ரோல உள்ளேயே விட்டுட்டு, அப்புறம் அதை இழுத்து இழுத்துத் திட்டுவே. மர்னா, நீயே சொல்லு."

"தையல் பிரிஞ்சா தொடைக்கப்போறது நான்தான். பேட்டரியே வாங்குங்க," என்றேன்.

வாங்கினார். சனிக்கிழமை காலை, நாற்பது வருடப் பழக்கத்தில் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு, கொசு அளவுக்குக்கூடச் சத்தம் போடாத அந்த மெஷினால் பின்பக்கத்தைக் கோடு கோடாக வெட்டி முடித்தார். முன்பக்கம் வந்தால், கீத் தன் பெட்ரோல் மெஷினை உறுமவிட்டுப் பாதிப் புல்லை வெட்டியிருந்தான். வாசற்படியில் அவன் மனைவி, நூடுல்ஸும் சீஸும் போட்டுச் சுட்ட தட்டோடு, துக்கம் விசாரிக்கும் முகத்தோடு.

"உன் மெஷின் சத்தமே கேக்கல. நீ படுத்துட்டேன்னு நெனச்சேன்," என்றான் கீத்.

"பின்னாடி நான் வெட்டிட்டுதாண்டா இருந்தேன்."

"சரி சரி. நீ போய் உக்காரு, லெராய்." நான் நோயாளிகளிடம் பேசும் அதே குரல்.

லெராய் அந்தத் தட்டைத் தொடவில்லை. நானும் டோரீனும் சாப்பிட்டோம். உப்பு அதிகம்.

அடுத்த சனிக்கிழமை, "மர்னா, அந்தப் பழைய மெஷின் கயித்த ஒரு தடவ இழுத்து விடேன்," என்றார். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றி இழுத்தேன்.

இப்போதெல்லாம் அது கொட்டகைக்குப் பின்னால், கை எடுத்தாலும் அணையாதபடி பிடியைக் கம்பியால் கட்டிய நிலையில், நின்ற இடத்திலேயே உறுமுகிறது. லெராய் பேட்டரியால் வெட்டுகிறார். காதுக் கவசத்துக்கும் வேலை வந்துவிட்டது. எதிர்வாசலிலிருந்து கீத் கையசைப்பதோடு சரி.