வாசலில் நின்ற சாரக்கம்பு

செல்லாது என்று தெரிந்தே ஒரு பத்திரத்தை எழுதி, எனக்குக் கடை கட்டிக் கொடுத்த கொத்தனாரிடம் நீட்டினேன். தவறுதலாக நடந்ததல்ல. நான் பி.ஏ. படித்தவன்; சங்கரன்கோவிலில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். நூறு ரூபாய்க்கு மேல் சொத்தை ஈடு எழுதினால் பதிவு செய்தாக வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

யுத்தம் முடிந்த சமயம். தேரடிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன மனையில் இரண்டு கடைகள் கட்டினேன். சிமெண்டு கிடைக்கவில்லை, எல்லாம் சுண்ணாம்புக் காரைதான். கொத்தனார் என்னைவிட மூத்தவர். செங்கலையும் சுண்ணாம்பையும் தன் பொறுப்பில் கடனாக வாங்கி, சொந்த மாட்டுவண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினார். வேலை முடிந்தபோது அவருக்கு அறுநூறு ரூபாய் பாக்கி.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கணக்குத் தீரும்வரை சாரம் முழுவதையும் பிரிக்கமாட்டார். வாசலில் ஒரு கம்பை மட்டும் விட்டுவைப்பார். அந்தக் கட்டடத்தின் மேல் கொத்தனாருக்குப் பாத்தியதை இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். வாடகைக்குக்கூட ஆள் வராது.

எனக்கோ கடைகளை விற்க வேண்டியிருந்தது. இளையரசனேந்தல் பக்கம் கரிசல் நிலம் ஒன்று மலிவாக வந்தது. புளியங்குடியிலிருந்து ஓர் எலுமிச்சை வியாபாரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். விலையும் படிந்தது. கிளம்பும்போது கம்பைக் காட்டினார்.

“இது எதுக்கு நிக்கு?”

“பிரிக்க மறந்துட்டாங்க.”

“எங்க ஊர்லயும் இப்படித்தான் மறப்பாங்க. எடுத்த பொறவு சொல்லி அனுப்பும்.”

அன்று சாயங்காலமே கொத்தனாரைத் தேடிப் போனேன்.

“அண்ணாச்சி, கம்ப நம்பியா இருக்கீங்க? கடையவே உங்க பேருக்கு ஈடா எழுதித் தாரேன். பணம் வராட்டா கடை உங்களுக்கு.”

“ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போவாண்டாமா தம்பி?”

“முத்திரைத்தாள்ல எழுதினாலே போதும். எதுக்கு வீண் செலவு?”

“படிச்சவிய சொல்லுதிய. சரிதான்.”

நான் எழுதியதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கம்பை அவரே பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் வியாபாரியின் பேருக்குக் கிரயம் பதிவானது. நான் நிலத்தை வாங்கினேன்.

கடை கைமாறியதைக் கேள்விப்பட்டு, பத்திரத்தோடு வியாபாரியிடம் போனபோதுதான் கொத்தனாருக்கு உண்மை தெரிந்தது. நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தார். உட்காரவில்லை.

“ஏன் வே, இது செல்லாதுன்னு அன்னைக்கே உமக்குத் தெரியுமா?”

அதுவரை தம்பி என்றவர். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், “கேஸ் போடுங்க அண்ணாச்சி” என்றேன்.

“வண்டியையும் ரெண்டு மாட்டையும் வித்துத்தான் செங்கச் சூளைக்காரனுக்குக் குடுத்திருக்கேன். கேசுக்கு எத விக்க?”

அவர் கேஸ் போடமாட்டார் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

சில வருஷங்கள் போயின. சிவகிரியிலிருந்து ஒரு மேஸ்திரி எங்கள் ஆபீசுக்கு வந்தார். தான் கட்டப்போகும் வீட்டின் மேலேயே கூலிக்கு ஈடு எழுதி வாங்க வேண்டும் என்றார். “பதிவு பண்ணாம வாங்கிராதீங்க. பண்ணாட்டா அது வெறுங் காகிதம்” என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். சொல்லி முடித்த பிறகு என்னால் வேலையைத் தொடர முடியவில்லை.

கரிசல் நிலத்தின் பேரில் ஒழுங்காக ஒரு ஈட்டுப் பத்திரம் எழுதினேன். பதிவுச் செலவையும் எடுத்துக்கொண்டு கொத்தனார் வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் பத்திரத்தைத் தொடவில்லை.

“பேப்பர நீரே வச்சுக்கிடும். உம்ம வீட்டு வாசல்ல கம்பு நடுதேன். சம்மதமா?”

சம்மதித்தேன். மறுநாள் காலையில் வந்து நட்டார். ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது, தெரு நிறைய ஜனம். எதிர்வீட்டுக்காரர் நின்று கேட்டார்: “என்ன வே, வீடு மராமத்தா?”

“இல்ல. கொத்தனாருக்குக் குடுக்க வேண்டியிருக்கு.”

“நீரு கட்டி வித்த அந்தக் கடையில நின்ன கம்பா? நடந்து வந்துட்டே இவ்வளவு தூரம்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் கம்பு நின்ற நாள் வரை புறவாசல் வழியாகவே போய்வந்தாள்.

மழை தவறிய வருஷம் அது. வாங்கிய விலைக்குக் குறைவாகத்தான் நிலத்தை விற்றேன். அசலையும் வட்டியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொத்தனார் வாங்கிக்கொண்டு என்னோடேயே நடந்து வந்தார். கம்பைப் பிடுங்கி, குழியை மண் தள்ளிக் காலால் மிதித்து மூடினார். என் மனைவி மோர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தார்.

அந்தப் பணத்துக்கு ஒரு வண்டியும் ஒரு மாடும்தான் வாங்க முடிந்தது. விலைகள் அப்படி ஏறியிருந்தன. இன்னொரு மாட்டுக்கான பணத்தையும் தருகிறேன் என்றேன்.

“கணக்கு தீந்துட்டுல்லா. இனி அது தர்மம். எனக்கு வேண்டாம்.”

அதற்குப் பிறகு அவர் வேலை பார்த்த நாள் வரை ஒற்றை மாட்டு வண்டியில்தான் சுண்ணாம்பு ஏற்றினார். பாதிப் பாரம்தான் ஏறும் என்பதால், முன்பு ஒருமுறை கடக்கும் எங்கள் தெருவை இரண்டு முறை கடந்து போவார். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்துத் தலையசைப்பார்.