அரைச் செம்புத் தண்ணீர்

மஸ்தூரா முதலில் முதுகைத்தான் பிடிப்பாள். சூடேறிய கல்மேடையில் குப்புறக் கிடப்பவளின் தோள்பட்டையில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பாள். அழுக்கு திரளவில்லை என்றால், "இன்னும் ஊறலடி, அப்படியே படுத்துக் கெட" என்று போய்விடுவாள். ஆட்டுமயிர்க் கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தால், அழுக்கு சேமியா மாதிரி கறுப்பாக உருண்டு விழும். "பாத்தியா? மேல இருக்கிறதெல்லாம் செத்த தோலு. நீ பவுடர் போட்டு சீராட்டுறது பொணத்தத்தான்."

புகாரா நகரத்துப் பெண்கள் பொதுக் குளியல்கூடத்தில் அவளுக்கு இருபத்தாறு வருஷ வேலை. உள்ளங்காலில் எவ்வளவு அழுத்தலாம், கண்ணிமையில் ஏன் கையே வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வியர்க்காத உடம்பைக் கண்டால் பயப்படுவாள். "வேர்த்தாத்தான் உள்சூடு எறங்கும். இவள எழுப்பி வெளிய கொண்டுபோங்க, மயங்கிருவா!" புருஷன் அடித்த இடம் வந்தால் கையுறை சுற்றிக்கொண்டு போகும்.

ஆனால் ஊர் அவளைத் தேடி வருவது வேறு காரியத்துக்கு. பெண் கேட்கப் போகும் முன் மாப்பிள்ளையின் தாய், அந்தப் பெண் குளிக்க வரும் நாளில் தானும் வந்து பக்கத்து மேடையில் படுத்துக்கொள்வாள். பெண்ணுக்கு வெண்படை இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்பது அநாகரிகம். அது ஒட்டாது என்று டாக்டர்கள் தொண்டை கிழியச் சொன்னாலும் இந்த ஊர்க் காதில் ஏறாது. மஸ்தூரா தேய்த்து முடித்துக் கடைசியில் தண்ணீர் ஊற்றுவாள். செம்பு முழுக்க ஊற்றினால் தோல் சுத்தம். பாதியில் நிறுத்தினால் சம்பந்தம் அதோடு சரி.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஸுலைக்கோ என்ற பெண்ணுக்கு அரைச் செம்புதான் ஊற்றினாள். அக்குளை ஒட்டி, கையின் உள்பக்கம் காசளவு வெளுப்பு. மறுநாள் பெண்ணின் தாய் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ரொட்டியடுப்புல சுட்டுக்கிட்ட தழும்புடி பாவி! பத்து வயசுல ரொட்டி ஒட்டப் போயி சுட்டுக்கிட்டா!"

வெண்படையில் நிறம் மட்டும்தான் போகும். சுட்ட தோல் வழவழவென்று இறுகிக் கிடக்கும். கையுறையைக் கழற்றி ஒரு தரம் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். அன்றைக்குக் கூட்டம், அவசரம். பிறகு மஸ்தூரா வீடு வீடாகப் போய், அது வெறும் தழும்புதான் என்று சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் வளர்ந்தது. ஸுலைக்கோவுக்கு இப்போது முப்பது வயது. அதன்பிறகு ஒருத்தரும் பெண் கேட்டு வரவில்லை.

வியாழன்தோறும் அவள் வருகிறாள். வேறு யாரும் தேய்க்கக் கூடாது. தழும்பு மேலே தெரியும்படி கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "மெதுவாத் தேய்ங்கக்கா, ஒட்டிக்கப் போகுது" என்பாள்.

போன வியாழக்கிழமை ஒரு பெண் படுத்திருந்தாள். இடுப்புத் துண்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு அசல் வெண்படை. மஸ்தூரா கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தாள், சந்தேகமே இல்லை. ஒரு பக்கம் மாப்பிள்ளையின் தாய், எதிர்மேடையில், துண்டு விலகியதைப் பார்த்துவிட்ட ஸுலைக்கோ. முழுக்க ஊற்றிவிட்டுப் பின்னால் விஷயம் வெளியே வந்தால் இனி எந்தத் தாயும் மஸ்தூராவை நம்பமாட்டாள், பிழைப்பு போய்விடும். அவள் செம்பைச் சாய்த்தாள். கடைசிச் சொட்டு வரை ஊற்றினாள். அந்தக் கொதிக்கிற அறையில் பெண்ணின் முதுகு முழுக்க மயிர்க்கூச்செறிந்தது.

அவர்கள் போன பிறகு ஸுலைக்கோ எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்ப ஒங்களுக்கு முழுசா ஊத்தத் தெரியுந்தான். எனக்குன்னா மட்டும் கை நோவுச்சாக்கா?"

மஸ்தூரா செம்பை விளிம்பு தளும்ப நிரப்பி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவளிடம் வந்தாள். ஸுலைக்கோ அதை வாங்கி, சாக்கடை வாயில் மெதுவாகச் சாய்த்து ஊற்றிவிட்டு, வெறும் செம்பைக் கல்மேடையில் கவிழ்த்து வைத்தாள்.