பஸ்ஸில் பார்த்த பொருத்தம்

வவுனியாவில் மரபணுவியல் பயிற்சி, மொத்தம் பத்து நாள். இன்று ஏழாம் நாள். கிளிநொச்சிக்குத் திரும்பும் பஸ்ஸில், ஒரு குடும்பத்துக்குள் நோய் கடந்து வந்த வழியைக் கொப்பியில் வரைந்துகொண்டிருந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.

பக்கத்தில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஆருக்கு, பிள்ளை, சாதகம் பாக்கிறியள்?"

சிரித்துக்கொண்டே விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"மகளுக்கு என்ர அண்ணன்ர மூத்தவனைப் பேசியிருக்கிறம். பொருத்தமெல்லாம் நல்லம். ஆனா அவன்ர தங்கச்சிக்குத் தலசீமியா. மாதாமாதம் ரத்தம் ஏத்துறது. அப்ப இது சரிவராதோ?"

"அப்பிடியில்லை அம்மா. முதல்ல ரெண்டு பேரும் ரத்தம் சோதிக்கட்டும். ரெண்டு பேரிட்டையும் அது ஒளிச்சிருந்தாத்தான் பிறக்கிற பிள்ளைக்குப் பயம்."

அவருடைய குடும்பத்தையும் வரைந்து கொடுத்தேன். உடனே மகளுக்கு போன் எடுத்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம். மச்சானையும் வரச் சொல்லு. இன்னொரு பொருத்தமும் பாக்க இருக்கு."

இறங்கும்போது திரும்பிக் கேட்டார்.

"பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?"

"இல்லை அம்மா."

"அப்ப உங்கட குறிப்பை ஆர் பாக்கிறது?"

நியாயமான கேள்வி. நான் வட்டம்; தகுந்த சதுரங்கள் இந்தப் பதிவுக்குக் கீழே எழுதலாம். இரத்தப் பரிசோதனை முடிவோடு.