வள்ளம் விடப்போறம்

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை என்னோடு வேலை செய்கிறவர். தாலி கட்டி முடிந்ததும் சோடியை மண்டபத்துக்கு வெளியே கூட்டிவந்து நிறுத்தினார்கள். வீடியோக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து, நாலு காற்றாடி பூட்டிய கமரா ஒன்றை எடுத்து நிலத்தில் வைத்தார். நான் பந்தல் ஓரத்தில் வடையைக் கடித்தபடி, பக்கத்தில் நின்றவரோடு மழை வராததைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

அது எழும்பியது. உடனே அந்த இரைச்சல். நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள், பிள்ளைகள் கை காட்டினார்கள். நான் ஒரு கையால் பந்தல் காலைப் பிடித்தபடி முழங்கால் மடிந்து பாதி குந்திவிட்டேன். மற்றக் கையில் வடை இருந்தது. வடையைக் கைவிடவில்லை என்பதை என் வீரத்துக்குச் சாட்சியாகச் சொல்லிக்கொள்கிறேன். பக்கத்தில் நின்றவர், செருப்பு அறுந்துவிட்டதா என்று கேட்டார். ஓம் என்றேன்.

பொய்யைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது மீன் மணத்தது. சைவக் கலியாண வீட்டில் மீன் மணக்க நியாயமில்லை. அது வெளியில் இருந்து வருகிற மணம் அல்ல. மேலே எதுவும் இரைந்தால் என் மூக்குக்குள் தானாக எழும்புகிற மணம். ஏன் என்று சொல்கிறேன்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். நான் நகரத்தில் போன் திருத்தும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அடுத்த கதிரையில் சுதன். அவனுடைய தாய் தகப்பன் மலைநாட்டில் இருந்து வந்து ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். சுதன் கையில் எதைக் கொடுத்தாலும் கழற்றுவான். திரும்பப் பூட்டுவது அவனுடைய அன்றைய மனநிலையைப் பொறுத்தது. ஒருநாள் யாருடையதோ போனில் ஒரு காணொளி கிடந்தது. எங்கோ ஒரு வெள்ளைக்காரர், ரெஜிபோம் என்கிற பாரமில்லாத வெள்ளை நுரை அட்டையில் செய்த விமானத்தை ஏரித் தண்ணீரில் ஓடவிட்டு, மேலே கிளப்பி, திரும்பத் தண்ணீரிலேயே இறக்கினார். நாங்கள் இரண்டு பேரும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். வாடிக்கையாளர் வந்து போனைப் பிடுங்கிக்கொண்டு போனபிறகும் சுதன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

ஏன் தண்ணீர் விமானம் என்று கேட்பீர்கள். தரையில் விழுந்தால் எடுக்கப் போக வேண்டுமே. தர்மபுரத்தில் எங்கள் வயலைத் தாண்டினால் பற்றைக்காடு, காட்டோரம் முழுக்க மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள். மிதிவெடி இன்னும் கிண்டி முடியவில்லை. குளம் ஒன்றுதான் பயமில்லாமல் கால் வைக்கக்கூடிய வெளி. உலகத்தில் மற்றவர்கள் ஆசைக்குத் தண்ணீர் விமானம் செய்தார்கள், நாங்கள் பயத்துக்குச் செய்தோம்.

மீன்காரர்கள் முல்லைத்தீவில் இருந்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிற பெட்டிதான் எங்களுக்கு ரெஜிபோம். உடைந்த பெட்டிகளைச் சும்மா தருவார்கள். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் சூடை மீனின் மணம் போகாது. பழைய அயன்பெட்டியின் சுருள் கம்பியை நீட்டி, மின்சாரம் கொடுத்து, பழுக்கவைத்து வெட்டினோம். முதல் விமானத்தைக் கடையில் இருந்த நல்ல பசை போட்டு ஒட்டினேன். அந்தப் பசை ரெஜிபோமைக் கரைக்கும் என்பது எனக்குத் தெரியாது. காலையில் பார்த்தால் இறக்கை இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. இரண்டாவதைப் பூனை கடித்துவிட்டது. அதைக் குற்றம் சொல்ல முடியாது, மீன் மணக்கிற பறவையை அது வேறெங்கே கண்டிருக்கும்? மூன்றாவதற்கு மிதவை சரியாக வரவில்லை. தண்ணீரில் வாத்துப்போல ஓடும், எழும்பாது. மிதவையின் அடியில் நடுவில் ஒரு படி வெட்டினால்தான் தண்ணீர் பிடியை விடும் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மழைக்காலம் போனது.

மோட்டரும் ரிமோட்டும் பிரான்சில் இருந்த சுதனின் அண்ணன் அனுப்பியவை. சொக்கிலேற்றுக்கும் சேட்டுகளுக்கும் நடுவில் சுற்றி வந்திருந்தன. அதைப் பிரித்ததும் நான் எழும்பிப்போய்க் கடைக் கதவைச் சாத்தினேன். எங்கள் ஊரில் பறக்கிற பொருளை வைத்திருப்பது அன்று விளையாட்டில்லை. குளக்கட்டின் ஒரு முனையில் ஆமியின் காவலரண் இருந்தது. அதற்குள் இருந்து எந்நேரமும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் பிளேன் என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். வள்ளம் என்றோம். மிதவை இருக்கிறது, தண்ணீரில் ஓடுகிறது, வள்ளம்தானே? யாரும் பிடித்துக் கேட்டால் இறக்கையை என்னவென்று சொல்வது என்பதற்குச் சுதனிடம் ஒரு பதில் இருந்தது.

"பாய்மரம் எண்டு சொல்லுவம்."

ஆனால் நான் உண்மையில் பயந்தது காவலரணுக்கு அல்ல. அக்காவுக்கு.

மோட்டரை முதன்முதல் கடையின் பின்னறையில் கையில் பிடித்துச் சுற்றவிட்டோம். அது இரைந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒரேயடியாக அண்ணாந்து கூரைத் தகரத்தைப் பார்த்தோம். மோட்டர் என் கையில் இருக்கிறது, கண் கூரையில் இருக்கிறது. அப்படியே வண்டின் சத்தம். சண்டை நடந்தபோது ஆளில்லாமல் வந்து, உச்சியில் நின்று வட்டமடித்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போகிற வேவு விமானத்துக்கு வன்னியில் வண்டு என்று பெயர். வண்டு சுற்றும்போது ஒன்றும் விழாது. அது போய்ச் சத்தம் அடங்கினால்தான் பயப்பட வேண்டும். பார்த்த இடத்துக்கு ஷெல் வரும், இல்லாவிட்டால் குண்டு போடக் கிபிர் விமானம் வரும்.

அந்தக் கடைசி மாதங்களில் வண்டு சுற்றுகிற நேரமெல்லாம் அக்கா என்னைக் குப்புறத் தள்ளி என்மேல் விழுந்து படுப்பார். பங்கர் இருந்த இடத்திலும் அப்படித்தான், பங்கர் வெட்ட நேரமில்லாத இடத்திலும் அப்படித்தான். அம்மாவும் அப்பாவும் போனபிறகு எங்கள் வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். தர்மபுரத்துக்குத் திரும்பி, வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்து, கரண்டும் வந்தது. அக்கா வீட்டுக்குள் காற்றாடி வைக்க விடவில்லை. வன்னி வெயிலில் மட்டையால் விசிறிக்கொண்டு கிடந்தோம். பக்கத்து வீட்டில் மிக்சி இரைந்தால் குசினியில் இருந்து முற்றத்துக்கு வந்து மேலே பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல உள்ளே போய்க் கறியைக் கிண்டுவார். இந்தச் சத்தத்தை அவர் கேட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பிறகேன் விட்டாய் என்று கேட்டால், சொல்கிறேன். மேலே நிற்கிற ஒன்று ஒருதரமாவது என் சொல்லைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. நான் திரும்பு என்றால் திரும்ப வேண்டும், இறங்கு என்றால் இறங்க வேண்டும். வேறு காரணம் இல்லை.

நாலாவது வள்ளத்தை யூரியாப் பையில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, காவலரணுக்கு எதிர்முனைக்குப் போனோம். அக்கா எப்போதும் வீட்டுக் கிணற்றில் குளிப்பவர், குளத்துப் பக்கம் வருவதில்லை. அந்தக் கிழமை கிணறு வற்றிவிட்டது என்பதை நான் யோசிக்கவில்லை. குளிக்கிற துறை சற்றுத் தள்ளி, மருதமரத்துக்குப் பின்னால் இருந்தது.

சுதன் வள்ளத்தைத் தண்ணீரில் வைத்தான். ரிமோட்டில் இடப்பக்கக் கம்பி மோட்டருக்கு, மேலே தள்ளத் தள்ள வேகம் கூடும், விட்ட இடத்திலேயே நிற்கும். வலப்பக்கக் கம்பி திருப்புவதற்கு. தள்ளினேன். ஓடியது, தண்ணீர் பிடியை விட்டது, எழும்பியது. வெள்ளையாக, அழகாக, என் சொல்லைக் கேட்டுக்கொண்டு குளத்தின் நடுவரை போனது. நான் திருப்பினேன். திரும்பி, நேரே என் தலைக்கு மேலே வந்தது.

நான் விழுந்து படுத்துவிட்டேன்.

நானே செய்து, நானே விட்டு, நானே திருப்பிய சாமான். மூளைக்கு எல்லாம் தெரியும். முழங்காலுக்குத் தெரியவில்லை. குப்புற விழுந்த என் நெஞ்சுக்குக் கீழே ரிமோட் அகப்பட்டுக்கொண்டது. அதை இழுத்தெடுக்கலாம் என்று முழங்கையை ஊன்றுகிறேன், யாரோ ஓடிவருகிற சத்தம், ஈரச் சேலையோடு ஒரு பாரம் என் முதுகில் வந்து விழுந்தது. சவர்க்கார மணம். அக்கா.

"அசையாத தம்பி. அவன் பாக்கிறான்."

அக்கா, இது என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய்க்குள் மண் போனது. நான் எழும்பப் பார்க்கிறேன் என்று நினைத்து அவர் இன்னும் அமத்தினார். அவர் அமத்த, என் நெஞ்சு ரிமோட்டை அமத்தியது. இடப்பக்கக் கம்பி முழுக்க மேலே போனது, வலப்பக்கக் கம்பி ஒரு பக்கம் சாய்ந்தது. வள்ளம் முழுவேகத்தில் இரைந்துகொண்டு எங்களுக்கு மேலேயே வட்டமடித்தது. சத்தம் கூடக்கூட அக்கா என்னை மூடினார். அவர் மூடமூட சத்தம் கூடியது. என் முதுகில் அவருடைய நெஞ்சு அடிப்பதைக் கேட்டேன். துறையில் நின்ற மற்றப் பெண்களும் கரையில் படுத்துக்கிடந்தார்கள் என்று பிறகு அறிந்தேன். என் வாழ்க்கையில் சண்டைக்குள் இருந்த நாட்களில்கூட அப்படிப் பயந்ததில்லை. அன்று எங்களைப் பயப்படுத்தியவன் நான்.

பற்றறி முடிந்தது. சத்தம் நின்றது. உங்களுக்கு அது நிம்மதியாக இருக்கும். எங்களுக்கு வண்டு போய்விட்டது என்று அர்த்தம். அக்கா என் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, வரப்போவதற்காகக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். ஒன்றும் வராது என்று தெரிந்தவன் நான், நானும் காத்திருந்தேன்.

கடைசியில் சுதன்தான் தலையை நிமிர்த்தினான். அவனும் படுத்துத்தான் கிடந்தான்.

"அது தண்ணியில நிக்குது," என்றான்.

அக்கா எழும்பி இருந்தார். எனக்குக் கீழே இருந்த ரிமோட்டைப் பார்த்தார். குளத்தில் கொக்குப்போலச் சாதுவாக மிதந்த வெள்ளையைப் பார்த்தார்.

"உன்ரயோ?"

"ஓம் அக்கா."

அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தண்ணீருக்குள் இறங்கி, இடுப்பளவு ஆழத்துக்கு நடந்துபோய், அதைத் தூக்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"மீன் நாறுது," என்றார்.

அதைச் சொன்னபிறகு அவருடைய உடம்பு உதறத் தொடங்கியது. வள்ளத்தை நெஞ்சோடு பிடித்தபடி தண்ணீருக்குள் நின்று நெடுநேரம் உதறினார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கரைக்கு வந்து அதை என் கையில் தந்தபோது ஒன்றுதான் சொன்னார்.

"இனி விடுறதெண்டா சொல்லிப்போட்டு விடு."

அதுவே எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வள்ளத்தை எடுக்க முதல், சுதன் சைக்கிளில் ஒவ்வொரு ஒழுங்கையாகப் போய், படலையில் மணியடித்து, "வள்ளம் விடப்போறம்" என்று சொல்லிக்கொண்டு வருவான். உள்ளே இருந்து, ஓம் விடுங்கோ என்று குரல் வரும். ஒரு பெரியவர் எப்போது முடியும் என்று கேட்பார், முடியும்வரை கட்டிலுக்குக் கீழே இருந்துகொள்ளலாம் என்று. அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நானே சொல்வேன். அக்கா ஓம் என்பார். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் எழும்பி அடங்கும்வரை நிற்பார். பழகிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அவருக்கு எது வருகிறது என்று தெரிந்திருந்தது. காவலரணில் இருந்து ஒருவரும் வந்து கேட்கவில்லை, பாய்மரப் பதில் கடைசிவரை வீணாகப் போனது.

சுதன் அண்ணனிடம் பிரான்சுக்குப் போய்விட்டான். நாலாவது வள்ளத்தை ஒரு பருந்து கிழித்துப்போட்டது. காவலரண் இருந்த இடத்தில் இப்போது புல் நிற்கிறது, சிவப்புப் பலகைகளும் இல்லை. அக்கா இரண்டு வருடத்துக்கு முதல் காய்ச்சலில் படுத்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்த வார்டில் தலைக்கு மேலே காற்றாடி சுற்றியது. நான் எழும்பி நிறுத்தினேன். தாதி வந்து திரும்பப் போட்டுவிட்டுப் போனார்.

கலியாண வீட்டில் அந்தக் கமரா கனநேரம் மேலே நின்றது. யாரும் யாருக்கும் சொல்லிப்போட்டு விடவில்லை. சொல்லவேண்டிய தேவையும் அங்கே ஒருவருக்கும் இல்லை, எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அதை இறக்கினார்கள். சத்தம் அடங்கியது. நான் பந்தல் காலைப் பிடித்தபடி, முதுகில் அந்த ஈரப் பாரம் வந்து விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. பக்கத்தில் நின்றவர் குனிந்து என் செருப்பைப் பார்த்துவிட்டு, அறுந்ததாகத் தெரியவில்லையே என்றார்.